வினாவும் வைத்தியரும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதல் மரபு. அப்பெருமையை எம்மினும் நன்கறிந்த முதியோர் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். ஆதலின் நாம் அப்பணியை அவர்களிடமே விடுத்து, சில காலமாக எம் உள்ளத்தை உறுத்திவரும் விடயம் ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். பார்வைக்கு அது சிறிய விடயம்; எம்மவர் கல்வி முறையின் பெருங்குறை ஒன்று அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

தைப்பொங்கல் கழிந்த சில நாள்களில் இலண்டன் மாநகரிலிருந்து நண்பர் ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். இக்கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்றவர் அவர். அவருடைய மகள் வைத்தியக் கல்லூரி ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்குச் சென்று அன்றுதான் வீடு திரும்பியிருந்தாள். கேட்கப்பட்டவை யாவற்றுக்கும் தடையின்றி விடை கூறினாளாம். இறுதியிலே பரீட்சகர் இருவரும் தம் தாள்களை மூடி வைத்துவிட்டு, “இனி எங்களிடம் நீர் கேட்க விரும்புவது ஏதேனும் உண்டா?” என்று வினவினராம். அவள் “ஒன்றுமில்லை” என்று நன்றி கூறி எழுந்து வந்துவிட்டாள்.

“இரண்டு வருடமாகப் பதில் சொல்லப் பழக்கினோம், கேட்கப் பழக்கவில்லை. இன்னும் இரண்டு இடத்துக்குப் போக இருக்கிறாள். வினா ஆறு வகை என்று வகுப்பிலே படிப்பிக்கிறவர் நீர்தானே? அவள் என்ன கேட்டிருக்க வேண்டும், சொல்லும்” என்றார் நண்பர்.

எமக்கு உடனே விடை வரவில்லை. அவர் சொற்கள் வேறொரு நாளை எமக்கு நினைவூட்டின. ஈராண்டுகளுக்கு முன்னர் பத்தாந் தரத்தில் நாம் நன்னூலின் வினா வகைகளைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஆறு வகையையும் கரும்பலகையில் எழுதி முடித்ததும் பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இந்த ஆறிலே எது நல்ல வினா?” என்று கேட்டான். “அது பரீட்சைக்கு வராது, இரும்” என்றோம் நாம். வகுப்பு நகைத்தது. அவன் இருந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் மீண்டும் எழுந்து எதையும் கேட்டதாக எமக்கு நினைவில்லை. நண்பர் மகளின் மௌனமும் இம்மாணவன் மௌனமும் ஒரே மரத்தின் இரு காய்கள் என்பது அன்று இரவே எமக்குப் புலனாயிற்று. அம்மரத்துக்கு நீர் வார்த்தோருள் நாமும் ஒருவர்.

விடை தேடப் புகுந்து, பிற நாடுகளில் வைத்தியராகவும் ஆசிரியராகவும் விளங்கும் பழைய மாணவர் சிலரிடம் கேட்டறிந்தோம். பிரித்தானியாவிலே வைத்தியக் கல்விக்கு ஒருவர் ஒரே ஆண்டில் நான்கு கல்லூரிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். புள்ளிகளும் நுழைவுப் பரீட்சையும் ஒருவரை வாயில் வரைக்கும் கொண்டு சேர்க்கும். உள்ளே அழைப்பது நேர்முகப் பரீட்சையே. ஒட்சுபோட்டிலும் கேம்பிரிட்சிலும் ஆசிரியர் இருவருடனோ மூவருடனோ உரையாடும் பழைய முறை நிலைத்திருக்கின்றது. வேறு கல்லூரிகள் பல, கனடாவின் மக்மாசுட்டர் பல்கலைக்கழகத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகிய புதிய முறையைக் கைக்கொள்கின்றன. அதன்படி மாணாக்கர் பல சிறு நிலையங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களே தங்கி, வெவ்வேறு பரீட்சகரைச் சந்திப்பர். ஒருவருடைய விருப்பு வெறுப்பு முழு முடிவையும் ஆளாதிருத்தல் இதன் பயன். இம்முறையில் மாணாக்கர் வினவுதற்கு நேரம் கிடைப்பது அரிது. அத்தகைய இடத்துக்குச் செல்வோர், தம்மை வழிநடத்தும் மூத்த மாணவரிடமும், கல்லூரி தன் வாயிலைத் திறந்து வைக்கும் நாள்களில் ஆசிரியரிடமும் தம் வினாக்களைக் கேட்டல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, நேர்முகத்தின் இறுதியில் மாணாக்கரை வினவச் செய்தல் பெரும்பாலும் தவறாத வழக்கம்.

இவ்வழக்கம் வெறும் உபசாரமன்று. ஐந்தாறு ஆண்டுகளைத் தன் இளமையினின்றும் எடுத்துக் கொடுக்கப் போகின்றவர் மாணாக்கர். ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இடமளிப்பின், எதனை ஏற்பது என்று தெரிவு செய்ய வேண்டியவரும் அவரே. கல்லூரி அவரை ஆராய்வது போலவே அவரும் கல்லூரியை ஆராய உரிமையுடையவர். இன்னுமொன்று: வைத்தியருடைய தொழிலே வினவுதலில் தொடங்குகின்றது. எந்த இடத்தில் வலி, எப்போது தொடங்கிற்று, எதனாற் கூடுகின்றது, எதனாற் குறைகின்றது, வீட்டில் வேறெவர்க்கும் உண்டா என்று கேட்டுக் கேட்டே அவர் நோயை நெருங்குகின்றார். கருவிகள் பெருகிய இக்காலத்திலும் எந்தக் கருவியை எடுப்பது என்று காட்டுவது நோயாளியின் வாய்மொழியே. பிறர் வினாவுக்கு விடை மட்டும் கூறக் கற்ற ஒருவர் இத்தொழிலின் பாதியையே கற்றவராவார்.

இதனை எம் நாட்டு வரலாறும் உணர்த்தும். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே எம்மவர்க்கு மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். தம் ஊரவரைத் தம் ஊரவர் மொழியிலே வினவவல்ல வைத்தியர் அதனால் உருவாயினர்.

இனி நண்பர் வினாவுக்கு வருவோம். எமக்குத் தெரிந்த கருவி இலக்கணமே, அதனைக்கொண்டே ஆராய்ந்தோம். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை முதலிற் கூறி, விடையை அதன் பின் வைத்தார். வினா ஆறு, விடை எட்டு. எம் வகுப்பறைகளில் நாம் விடைக்கே முதலிடம் கொடுத்து, வினாவை வினாத்தாளுக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஆறனுள் முதலாவது அறிவினா. தான் அறிந்த ஒன்றை, மற்றவர் அறிவாரா என்று காணும்பொருட்டுக் கேட்பது இது. ஆசிரியர் மாணாக்கரிடம் கேட்பதற்கு இது பொருந்தும். நேர்முகத்தில் மாணாக்கர் பரீட்சகரிடம் கேட்பின் பொருந்தாது. கல்லூரியின் கையேட்டிலும் இணையப் பக்கத்திலும் தெளிவாக எழுதப்பட்டதைக் கேட்பவரை, இவர் வாசித்துவிட்டு வரவில்லை என்று பரீட்சகர் எண்ணுவர். தம் படிப்பைப் பறைசாற்றுதற்கென ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் பெயரை வலிந்து நுழைத்துக் கேட்பவரையும் அவர்கள் எளிதில் இனங்காண்பர்.

இரண்டாவது அறியா வினா. தான் அறியாத ஒன்றை அறியும்பொருட்டுக் கேட்பது. எம் கருத்தில் இதுவே தலையாயது. முதலாண்டிலே இடறி விழும் மாணவரைக் கல்லூரி எவ்வாறு தாங்குகின்றது? சென்ற சில ஆண்டுகளில் மாணவர் கூறிய குறைகளைக் கேட்டு இங்கே மாற்றப்பட்டது யாது? இங்கே கற்பிக்கும் தாங்கள் இக்கல்லூரியிலே திருத்த விரும்புவது யாது? இத்தகையவற்றுக்கு முழு விடை எந்தக் கையேட்டிலும் அச்சாகியிராது. உள்ளிருப்பவரே கூறல் வேண்டும். காலத்தின் மாற்றத்தையும் இதனுள் அடக்கலாம். பிரித்தானியாவில் 2024ஆம் ஆண்டு முதல், பட்டம் பெற்ற வைத்தியர்க்கு முதற்பணியிடம் ஒதுக்கும்போது கல்லூரிப் புள்ளிகள் பார்க்கப்படுவதில்லை. கணினி தற்செயலாக இடும் வரிசையும் அவர்தம் விருப்பமுமே பார்க்கப்படுகின்றன. அமெரிக்காவில் உரிமப் பரீட்சையின் முதற்பகுதி 2022 தை மாதந் தொடக்கம் புள்ளியின்றிச் சித்தி, சித்தியின்மை என்று மட்டும் அறிவிக்கப்படுகின்றது. இம்மாற்றத்தின் பின்னர்த் தங்கள் மாணவர் எதனால் ஊக்கம் பெறுகின்றனர் என்று கேட்பது நல்ல வினா.

மூன்றாவது ஐய வினா. இதுவோ அதுவோ என்று இரண்டிடையே தடுமாறிக் கேட்பது. இறந்தோர் உடலை மாணாக்கரே அறுத்து உடற்கூற்றியலைக் கற்பரோ, முன்னரே அறுத்து வைக்கப்பட்ட உறுப்புகளைப் பார்த்துக் கற்பரோ என்று கேட்கலாம். மக்மாசுட்டரில் 1969இல் தொடங்கிய பிரச்சினைவழிக் கற்றல் இங்கே முழுமையாக உண்டோ, விரிவுரைகளோடு கலந்து உண்டோ என்று கேட்கலாம். ஆயினும் இவற்றின் பொதுவான விடை பெரும்பாலும் கையேட்டிலேயே கிடைக்கும். அதனைப் படித்த பின்னும் எஞ்சி நிற்கும் ஐயமே அவையில் எழுதற்குரியது. எவ்வகை மாணவர் இம்முறையிலே இடர்ப்படுகின்றனர் என்று கேட்பின் அது வினவுவோர்க்கும் பயன்படும். விடை கூறுவோரையும் சிந்திக்கச் செய்யும்.

நான்காவது கொளல் வினா. வணிகரிடம் பருப்பு உண்டோ என்று கேட்பது போல, ஒன்றைப் பெறும்பொருட்டுக் கேட்பது. உதவிப்பணம், விடுதி, தூரத்து வைத்தியசாலைக்குச் செல்லும் செலவு முதலியவை இவ்வகையின. இவற்றைக் கல்லூரி அலுவலகத்திடம் கேட்டறிதலே முறை. எனினும் வறிய வீட்டுப் பிள்ளை இவற்றைக் கேட்க நாணுதல் கூடாது என்பதை வற்புறுத்திக் கூறுவோம். பணமில்லாமையாற் படிப்பை இடையிலே கைவிடும் துன்பத்தினும், முதலிலே கேட்டு அறிந்துகொள்ளும் கூச்சம் சிறியது.

ஐந்தாவது கொடை வினா. உடையில்லாதவனைப் பார்த்து உடையில்லையோ என்று கேட்பது போல, ஒன்றைக் கொடுக்கும்பொருட்டுக் கேட்பது. இவ்வகை வினாவும் உண்டு என்று எம் இலக்கணம் கண்டது மகிழத்தக்கது. அமெரிக்காவிலே வைத்திய மாணவர், ஆசிரியர் மேற்பார்வையில் வறியோர்க்கென இலவச சிகிச்சை நிலையங்கள் நடத்துகின்றனர். அத்தகைய பணி இங்கே உண்டா, முதலாண்டு மாணவர் அதிற் சேரலாமா என்று கேட்பவர் தாம் கொணரும் கொடையைத் தற்புகழ்ச்சியின்றிக் காட்டியவராவார். ஆனால் மெய்யாகவே செய்ய எண்ணாதவர் இதனைக் கேட்டல் தகாது. அது வெறுங்கையை நீட்டிக் கொடை என்று பெயரிடுவது போலாகும்.

ஆறாவது ஏவல் வினா. உண்டாயா என்று கேட்பது போன்று உண்ணச் சொல்வது. வினா உருவில் வந்த ஏவல். என்னைத் தெரிந்தெடுப்பீர்கள் அல்லவா, என் விடைகள் எப்படி இருந்தன என்பன போன்றவை இவ்வகையின. இவற்றை அறவே விலக்குக. பரீட்சகரை இக்கட்டில் மாட்டும் வினா ஒருபோதும் நல்ல வினா ஆகாது.

நல்ல வினா என்பது யாது என்பதற்கு இவ்வாறையும் நிறுத்துப் பார்த்து நாம் கண்ட அளவுகோல் இதுவே: தனக்குத் தெரியாததும், தெரிந்துகொண்டால் தன் செயலை மாற்றக்கூடியதுமான ஒன்றைக் கேட்பதே நல்ல வினா. எந்த விடை வரினும் தன் முடிவு மாறாது எனின், அவ்வினா அலங்காரமே.

இக்காலத்திலே நேர்முகத்திற் கேட்கத்தக்க வினாக்களைப் பட்டியலிட்டு விற்போரும் உளர். அப்பட்டியலை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் பிள்ளை, வினா உருவத்தில் இன்னுமொரு விடையையே கூறுகின்றாள். இதனாலேயே நாம் நண்பருக்குப் பட்டியல் எதனையும் அனுப்பவில்லை. தமிழிலே கேள்வி என்னும் ஒரே சொல் வினாவையும் குறிக்கும். செவியாற் பெறும் அறிவையும் குறிக்கும். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர். அது வினாவைப் பற்றியதன்று, கேட்டறிதலைப் பற்றியது. நன்றாகச் செவிகொடுத்தவர்க்கே நன்றாக வினவ வரும். பரீட்சகர் பேச்சினிடையே கூறிய ஒன்றைப் பற்றிக்கொண்டு, “சற்று முன்னர் இவ்வாறு கூறினீர்கள், அதனை இன்னும் விளக்குவீர்களா?” என்று கேட்பது மனனஞ் செய்த பத்து வினாக்களினும் மேலானது. இரண்டு வினாக்களைச் சிந்தித்துக்கொண்டு போகட்டும். மூன்றாவதை அந்த மேசையிலே கண்டெடுக்கட்டும் என்றே நண்பருக்குக் கூறினோம்.

அப்பெண் அடுத்து இரண்டு இடங்களுக்குச் சென்றாள். இரண்டிலும் இடறும் மாணவரைப் பற்றியே கேட்டாள். ஓரிடத்தில் உதவிகளின் பெயர்களை வரிசையாக ஒப்புவித்தனராம். மற்றையதில் முதிய ஆசிரியர் ஒருவர் சிறிது நேரம் வாளா இருந்து, தாம் கவனியாது விட்ட மாணவன் ஒருவனைப் பற்றிப் பெயர் குறியாது கூறி, அதன் பின்னர்த் தாம் மாற்றிக்கொண்டதையும் கூறினாராம். ஈரிடத்தும் அவளுக்கு இடம் கிடைத்தது. வினாவினால் இடம் கிடைத்தது என்று நாம் கூறோம். அதற்கு அவள் படிப்பே காரணம். எந்த இடத்தை ஏற்பது என்பதை மட்டும் அந்த வினாவே தீர்த்து வைத்தது.

இவை பிற நாட்டுச் செய்திகள். எமக்கென்ன என்று இங்குள்ள மாணவர் கேட்கலாம். உண்மைதான், எம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் வைத்திய பீடங்களுக்கு உயர்தரப் பரீட்சையின் இசெட் புள்ளியே வாயில். நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமைக்கும், 55 மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பகிரப்படுகின்றது. நேர்முகப் பரீட்சை இல்லை. அதனைக் கொண்டுவருக என்று நாம் கேட்கவுமில்லை. 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் தந்த துயரை எம்மவர் மறந்திலர். எவ்வளவு குறையுடையதாயினும் எண் முகம் பார்ப்பதில்லை. பேச்சுவழக்கைக் கேட்டு ஊரை அறிவதில்லை. எவருடைய சிபாரிசுக் கடிதத்தையும் வாசிப்பதில்லை. நாவன்மையுள்ள செல்வர் பிள்ளைக்கு நேர்முகம் ஏணியாகவும், நாவடக்கம் பழகிய ஏழைப் பிள்ளைக்கு மதிலாகவும் ஆகிவிடக் கூடும்.

ஆயினும் எண்ணாற் சோதிக்க முடியாத ஒன்றைக் கற்பிக்கும் கடமை அதனாலே நீங்கிவிடாது. அது முழுவதும் பள்ளிக்கூடத்தின் தலையில் வந்து விழுகின்றது. எம் மாணவன் உயர்ந்த புள்ளி பெற்று, எவரிடத்தும் ஒரு வினாவும் கேளாமலே, 1978ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாண வைத்திய பீடத்துக்கோ கொழும்புக்கோ பேராதனைக்கோ சென்றுவிடலாம். சில ஆண்டுகளின் பின்னர் ஒரு நாள், வைத்தியசாலைக் கட்டில் ஒன்றின் அருகே, நோயின் பெயர் அறியாத மூதாட்டி ஒருத்தி முன்னே அவன் நிற்பான். அவனுடைய முதல் நேர்முகம் அதுவே. அங்கே வினவ வேண்டியவன் அவன். பத்தாந் தரத்திலே “இரும்” என்று நாம் இருத்திய பிள்ளை அங்கே எவ்வாறு எழுந்து நிற்பான்?

ஆதலின் எம்முடன் பணிபுரியும் ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். பாடவேளை ஒவ்வொன்றிலும் இறுதி ஐந்து நிமிடத்தை மாணவர் வினாவுக்கு விடுவோம். பரீட்சைக்கு வராது என்னும் சொல்லை அந்த ஐந்து நிமிடத்திற்காயினும் மறப்போம். விடை தெரியாதவிடத்துத் தெரியாது என்று கூறி மறுநாள் தேடிக்கொண்டு வருவோம். பிற நாடுகளில் வாழும் பழைய மாணவரையும் வேண்டுகின்றோம். விழாக் காலத்திலே ஊருக்கு வரும்போது மேடையில் ஏறி அறிவுரை கூறுவதோடு நில்லாது, அரை மணி நேரம் வகுப்பறையில் அமர்ந்து பிள்ளைகள் கேட்பதற்கு விடை கூறுங்கள். கட்டடத்துக்குப் பணம் தருவதற்கு நிகரான கொடை அது.

முதற்படியை நாமே எடுத்து வைத்தல் வேண்டும் அன்றோ? அன்று இருத்திய மாணவன் இன்று உயர்தர வகுப்பிலே உயிரியற் பிரிவிற் பயில்கின்றான். சென்ற மாதம் அவனை ஆசிரியர் அறைக்கு அழைத்து, அவன் கேட்டதை நினைவூட்டி, நாம் கண்ட விடையைக் கூறினோம். அவன் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னர்த் தயங்கித் தயங்கி, “சேர், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?” என்றான்.

அதுவும் அறியா வினாவே. “அன்று எமக்குத் தெரியாது” என்றோம்.

வினவும் மாணாக்கரும், வினாவுக்கு இடங்கொடுக்கும் ஆசிரியரும் நிறைந்து எமது கல்லூரி நீடு வாழ்க.